எது ஒரு மாற்றம்?

(மென்பொருள் எழுதும் இளைஞர்களும் கணினியியல் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிட்ஹப்பில் ஒரு புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து அடிவரை உருட்டிக்கொண்டு போனால் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதன் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அதைத் தொட்டால் மூன்று வழிகள் விரியும். மெர்ஜ் கமிட் போட்டுச் சேர்க்கலாம். ஸ்குவாஷ் செய்து சேர்க்கலாம். ரீபேஸ் செய்து சேர்க்கலாம். முதல் வழி முன்பிருந்தே உண்டு. மற்ற இரண்டும் 2016இல் வந்தன. அன்றிலிருந்து எத்தனை அலுவலகங்களில் எத்தனை பிற்பகல்கள் இந்த மூன்றில் எது உசத்தி என்ற வாக்குவாதத்தில் கரைந்திருக்கும் என்று கணக்கெடுக்க ஆளில்லை.

அந்த வாக்குவாதத்தைக் காதுகொடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். பாதிப் பேர் அழகைப் பற்றிப் பேசுகிறார்கள். வரலாறு நேர்கோடாக ஓட வேண்டும், ரயில் நிலையத் தண்டவாளம் மாதிரிப் பின்னிக்கொண்டு கிடக்கக் கூடாது என்கிறார்கள். மீதிப் பேர் நேர்மையைப் பற்றிப் பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி வைக்க வேண்டும், திருத்தி எழுதுவது பொய் என்கிறார்கள். இரண்டு பக்கமும் உணர்ச்சிவசப்படுகிறது. இரண்டு பக்கமும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் குழுவில் எது ஒரு மாற்றம்? ஒருவர் உட்கார்ந்து படித்து, சோதித்து, ‘சரி, போகட்டும்’ என்று ஒப்புக்கொள்கிற அந்த ஓர் அலகு எது? நாளை அது வேண்டாமென்று ஆனால் முழுதாகப் பிடுங்கி எடுக்கிற அலகு எது? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மூன்று பொத்தான்களில் எது என்பது தானாகவே தெரிந்துவிடும். தெரியாமல் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றுதான்.

மாணவர்களும் இருப்பதால் அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதன்மைக் கிளையிலிருந்து பிரிந்து ஐந்து கமிட் போட்டிருக்கிறீர்கள். இதற்கிடையில் முதன்மைக் கிளையில் மற்றவர்கள் பத்து கமிட் சேர்த்துவிட்டார்கள். மெர்ஜ் செய்தால் கிட் மூன்றைப் பார்க்கும்: நீங்கள் பிரிந்த இடம், உங்கள் இன்றைய நிலை, முதன்மைக் கிளையின் இன்றைய நிலை. பிரிந்த இடத்தோடு ஒப்பிட்டு, ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தை இருவரும் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் உங்களைக் கூப்பிடும். கடைசியில் இரண்டு பெற்றோர் உள்ள ஒரு கமிட் பிறக்கும். உங்கள் ஐந்தும் அப்படியே வரலாற்றில் நிற்கும். ஸ்குவாஷ் செய்தால் ஐந்தும் கரைந்து ஒன்றாகும், பெற்றோர் ஒருவர்தான். ரீபேஸ் செய்தால் ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, பத்துக்கு மேல் மறுபடி நட்டதுபோல் எழுதிவிடும். கமிட்டின் அடையாள எண் அதன் பெற்றோரையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. எனவே ரீபேஸ் ஆன ஐந்தும் பழைய ஐந்து அல்ல. புதிய எண் கொண்ட புதிய கமிட்டுகள்.

இப்போது கவனியுங்கள். மோதல் இல்லாத சாதாரண நாளில் மூன்று வழியிலும் கடைசியில் கையில் கிடைக்கும் கோப்புகள் ஒன்றேதான். ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இருக்காது. நிரல் ஒரே மாதிரி ஓடும். வாடிக்கையாளருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. மாறுவது வரலாறு மட்டும். ஆக, வரலாற்றைப் பிறகு யார், எதற்காகப் படிக்கப் போகிறார்கள் என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

நிலம் வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது, எந்த ஆண்டு பாகப்பிரிவினை ஆனது, நடுவில் அடமானம் உண்டா என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வேண்டும். பத்திர எழுத்தர் கிழித்துப் போட்ட வரைவுகள் அவருக்கு வேண்டாம். அதேசமயம் நான்கு கிரயங்களைச் சேர்த்து ஒரே பத்திரமாக எழுதி நீட்டினால் அவர் எழுந்து போய்விடுவார். எது கிரயம், எது வரைவு என்று பிரிக்கத் தெரிவதுதான் இங்கே நமக்கும் வேலை.

இனி உண்மையான சில திட்டங்களைப் பார்ப்போம். லினக்ஸ் கெர்னலில் தொடங்குவோம்; கிட் பிறந்ததே அதற்காகத்தான்.

கிட்டுக்கு முந்தைய காலத்தை இளைஞர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சி.வி.எஸ்., அதன் பிறகு சப்வெர்ஷன் என்று இருந்த காலத்தில் கிளை பிரிப்பது சுலபம், சேர்ப்பதுதான் பயம். எதுவரை ஏற்கெனவே சேர்த்தாயிற்று என்பதைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளாது. இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை சேர்த்தேன் என்று நாமே கமிட் செய்தியில் எழுதிவைக்க வேண்டும். சப்வெர்ஷன் அந்தக் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கியது 2008இல், அதன் 1.5 பதிப்பில்தான். அதனால் அந்தக் காலத்தில் ‘மெர்ஜ் பண்ற நாள்’ என்று தனியாக ஒரு நாளே குறிப்பார்கள். இன்றைக்கு நமக்கு மூன்று வழிகளில் எது என்று சண்டை போடும் வசதி கிடைத்திருப்பதே ஒரு செல்வச் செழிப்புதான்.

கெர்னலுக்கு வருகிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் பேட்ச்சுகளை மின்னஞ்சலில் வாங்கித் தானே ஒட்டிக்கொண்டிருந்தார். 2002இல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவிக்கு மாறினார். 2005 ஏப்ரலில் அதன் இலவசப் பயன்பாட்டு உரிமை நின்றது. அந்த மாதத்திலேயே அவர் கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட்டின் மூல நிரல் கிட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டது. ஜூனில் கெர்னல் 2.6.12 கிட்டிலிருந்து வெளிவந்தது. ஜூலையில் கிட்டின் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டார்.

கெர்னலில் ஒரு பதிப்புச் சுழற்சி ஒன்பது, பத்து வாரம். முதல் இரண்டு வாரம் மட்டும்தான் புதிய அம்சங்களுக்குக் கதவு திறந்திருக்கும். அதற்கு மெர்ஜ் சாளரம் என்று பெயர். பிறகு வாரம் ஒன்றாகச் சோதனைப் பதிப்புகள், பிழைத்திருத்தம் மட்டும். ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகள் உள்ளே வருகின்றன. ஒரு மனிதரால் அத்தனையையும் படிக்க முடியாது. எனவே வலையமைப்பு, கோப்பு முறைமை, ஒலி, கிராஃபிக்ஸ் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார். அவர் தம் பகுதியின் பேட்ச்சுகளை மின்னஞ்சல் பட்டியலில் வாங்கிப் பரிசீலித்துத் தம் ரெப்போவில் சேர்ப்பார். சாளரம் திறந்ததும் ‘இதை இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று லினஸுக்கு எழுதுவார். லினஸ் இழுத்துக்கொள்வது மெர்ஜ் கமிட்டாக.

இங்கே மெர்ஜ் கமிட்டுக்கு ஓர் அந்தஸ்து உண்டு. ‘இன்ன பகுதியின் பொறுப்பாளர் இந்தத் தொகுதிக்கு உத்தரவாதம்’ என்ற சாட்சியம் அது. 2011 ஆகஸ்டில் கெர்னல் வலைத்தளத்தின் வழங்கிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டது தெரியவந்தது. அதன் பின் டிஜிட்டல் கையொப்பமிட்ட டேக்கை இழுக்கும் வசதி கிட்டில் சேர்ந்தது. அந்தக் கையொப்பம் மெர்ஜ் கமிட்டுக்குள்ளேயே பதிந்துவிடும். ஏன் சேர்க்கிறோம் என்று விளக்காத வெற்று மெர்ஜைக் கண்டால் லினஸுக்குப் பொறுக்காது. காரணமில்லாமல் அவருடைய ரெப்போவைத் தம் ரெப்போவுக்குள் அடிக்கடி இழுத்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்கும் திட்டு விழும். மோதல் வருமோ என்று பயந்து முன்கூட்டியே சரிசெய்து அனுப்பாதீர்கள், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது அவர் நிலைப்பாடு. எந்தப் பகுதியோடு எந்தப் பகுதி உரசிக்கொள்கிறது என்பது தலைமையில் இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா.

2014இல் ஒலிப் பகுதியிலிருந்து வந்த ஒரு மெர்ஜ் கமிட்டுக்கு 66 பெற்றோர்கள். பல கிளைகளை ஒரே அடியில் சேர்ப்பதற்குக் கிட்டில் ஆக்டோபஸ் என்று பெயர். இது ஆக்டோபஸைத் தாண்டி, லவ்கிராஃப்ட் கதைகளில் வரும் கதூலு என்ற கடல் பூதம் ஆகிவிட்டது என்று லினஸ் கேலி செய்தார். வரலாற்றை வரைந்து காட்டும் கருவிகள் அந்த இடத்தில் திணறிப்போயின.

மெர்ஜ் கமிட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கெர்னலில் ஒவ்வொரு பேட்ச்சும் தனித்தனி மின்னஞ்சல். ஒவ்வொன்றும் ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். எழுதியவர் தம் பெயரில் ஒப்பம் வைக்க வேண்டும். அந்த ஒப்ப முறை 2004இல், நிரலின் உரிமை குறித்து நீதிமன்ற வழக்குகள் ஓடிக்கொண்டிருந்த சூழலில் வந்தது. படித்தவர், சோதித்தவர் பெயர்களும் ஒவ்வொரு பேட்ச்சின் அடியிலும் வரும். முன்பு நுழைந்த ஒரு பிழையைத் திருத்துகிற பேட்ச்சாக இருந்தால், அந்தப் பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாள எண்ணின் முதல் பன்னிரண்டு எழுத்துகளையும் குறிக்க வேண்டும். நீண்டகாலம் பராமரிக்கப்படும் பழைய பதிப்புகளைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்தக் குறிப்பை வைத்துத்தான் எந்தத் திருத்தத்தை எந்தப் பதிப்புக்குப் பொறுக்கி எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

வெளியிட்ட கிளையை ரீபேஸ் செய்யாதே என்று கெர்னலில் ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்று இப்போது புரியும். ரீபேஸ் செய்தால் எண் மாறும். எண் மாறினால் அந்தக் குறிப்புகள் இல்லாத ஊருக்கு வழிகாட்டும். சோதித்தவர் சோதித்தது வேறு அடித்தளத்தின் மேல்; இப்போது நிற்பது வேறு அடித்தளத்தின் மேல். யாரும் பார்க்காத உங்கள் சொந்தக் கிளையை எத்தனை தடவை வேண்டுமானாலும் ரீபேஸ் செய்து ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். பேட்ச் அனுப்பும் முன் அப்படிச் செய்வதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஊருக்குக் காட்டிய பிறகு கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிழை நுழைந்த கமிட்டைத் தேடித் தரும் பைசெக்ட் கருவியின் பலனும் பேட்ச்சுகள் இப்படித் தனித்தனியாக இருப்பதோடு சேர்ந்தது. போன பதிப்பில் வேலை செய்த ஒரு சாதனம் இந்தப் பதிப்பில் வேலை செய்யவில்லை. நடுவில் பத்தாயிரம் கமிட். பாதியில் நிறுத்திச் சோதித்து, மறுபடி பாதியாக்கிச் சோதித்துக்கொண்டே போனால் பதினான்கு சோதனையில் குற்றவாளி கமிட் கையில் சிக்கும். அது நாற்பது வரிப் பேட்ச்சாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். மூவாயிரம் வரி ஸ்குவாஷாக இருந்தால் பைசெக்ட் உங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடும். மாறாக, கமிட்டுகள் சின்னதாக இருந்தும் பாதி கம்பைலே ஆகவில்லை என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘தாண்டு, தாண்டு’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆக, கெர்னலில் மாற்றம் என்பது பேட்ச். படிப்பது, சோதிப்பது, ஒப்பமிடுவது, பழைய பதிப்புக்கு எடுத்துப்போவது எல்லாமே அந்த அளவில் நடக்கின்றன. அதனால் பேட்ச்சுகளை அப்படியே வைத்து, மேலே மெர்ஜ் கமிட்டால் கட்டுகிறார்கள்.

இப்போது பைத்தான் மொழிக்குப் போவோம். அதன் மூல நிரலான சிபைத்தான் 2017 பிப்ரவரியில் மெர்க்யூரியல் என்ற கருவியிலிருந்து கிட்டுக்கும் கிட்ஹப்புக்கும் மாறியது. அன்றிலிருந்து அங்கே ஸ்குவாஷ் ஒன்றுதான் வழி. ஏன்? அங்கே படிக்கப்படுவது புல் ரிக்வெஸ்ட் முழுவதும். பங்களிப்பவர் திறக்கிறார், பரிசீலிப்பவர் பத்துக் குறை சொல்கிறார், இவர் திருத்தி மேலும் கமிட் சேர்க்கிறார். நடுவில் ரீபேஸ் செய்து வரலாற்றை மாற்றித் தள்ள வேண்டாம், பரிசீலிப்பவருக்குப் போன முறை பார்த்ததற்கும் இப்போதைக்கும் என்ன வேறுபாடு என்று தெரியாமல் போய்விடும் என்று பங்களிப்போர் வழிகாட்டியே சொல்கிறது. ஆகவே கிளைக்குள் ‘எழுத்துப்பிழை’, ‘டெஸ்ட் திருத்தம்’, ‘மறுபடி டெஸ்ட் திருத்தம்’ என்று சேர்ந்துகொண்டே போகும். அவை வரைவுகள். யாரும் அவற்றைத் தனித்தனியாகப் படித்து ஒப்புதல் தரவில்லை. முடிவில் ஒன்றாக்கி, தலைப்பில் எண்ணைப் போட்டு உள்ளே விடுகிறார்கள்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடச் சுவையானது. மெர்க்யூரியல் காலத்தில் ஒரு பிழைத்திருத்தம் பல பதிப்புகளுக்கு வேண்டுமென்றால், பராமரிப்பில் உள்ள பழைய கிளையில் முதலில் திருத்தி, பிறகு அதைப் புதிய கிளைக்கு மெர்ஜ் செய்வார்கள். கீழிருந்து மேலே. கிட்ஹப்புக்கு வந்ததும் திசையே திரும்பிவிட்டது. முதலில் முதன்மைக் கிளையில் திருத்தம். பிறகு அதைப் பொறுக்கியெடுத்துப் பழைய கிளைகளில் ஒட்டுவது. மேலிருந்து கீழே. பொறுக்கி ஒட்டும் வேலையைப் பெரும்பாலும் ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல், செய்கிறது. ஒரு திருத்தம் ஒரே கமிட்டாக இருப்பதால் அந்தத் தானியங்கிக்கு வேலை எளிது. ஏழு கமிட்டாகச் சிதறியிருந்தால் ஏழையும் வரிசை தவறாமல் பொறுக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் இதே வேலையைப் பாட் இல்லாமல் செய்கிறது. பொதுவாக ஒரே நேரத்தில் ஐந்து முதன்மைப் பதிப்புகளுக்கு அங்கே ஆதரவு உண்டு. கிட்டுக்கு மாறிய 2010 முதல் மெர்ஜ் கமிட்டே கிடையாது. பேட்ச்சுகள் மின்னஞ்சல் பட்டியலில் மாதக்கணக்கில் அலசப்படும். கமிட் செய்யும் அதிகாரம் பெற்ற சிலரில் ஒருவர் அதை எடுத்து, தேவைப்பட்டால் தாமே மெருகேற்றி, விரிவான விளக்கத்தோடு உள்ளே வைப்பார். பழைய பதிப்புகளுக்கும் வேண்டிய திருத்தமென்றால் ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியே, வார்த்தை மாறாத அதே செய்தியோடு கமிட் செய்வார். செய்தி ஒன்றாக இருப்பதால், எந்தெந்தக் கிளைக்கு அது போயிருக்கிறது என்று திரட்டித் தர அவர்களிடமே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பழங்கால முறையாகத் தெரியும். படித்துப் பாருங்கள், அந்த வரலாறு ஒரு பாடநூல். கமிட் செய்தி எழுதுவது எப்படி என்று எந்த மாணவராவது கேட்டால் நான் காட்டுவது போஸ்ட்கிரெஸ்கியூஎல் ரெப்போவைத்தான்.

மூன்று திட்டங்கள், மூன்று வழிகள். மூன்றும் பல ஆண்டுகளாக நன்றாக நடக்கின்றன. ஒவ்வொன்றும் தான் எதைப் பரிசீலித்ததோ அதையே வரலாற்றில் பதிகிறது.

நம் பக்கத்து அலுவலகங்களில் நான் பார்க்கும் கோளாறு, ஒன்றின் பொத்தானை எடுத்துக்கொண்டு அதன் ஒழுக்கத்தை விட்டுவிடுவது. லினஸே மெர்ஜ்தான் செய்கிறார் என்று மெர்ஜ் கமிட் வைப்பார்கள்; உள்ளே போய்ப் பார்த்தால் ‘பிக்ஸ்’, ‘பிக்ஸ் 2’, ‘ஃபைனல் பிக்ஸ்’. கமிட் கமிட்டாக யாரும் படிக்காத இடத்தில் கமிட்டுகளைக் காப்பாற்றி என்ன பயன்? இன்னொரு குழு, வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஸ்குவாஷைக் கட்டாயமாக்கும். ஆனால் அங்கே புல் ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றும் ஐம்பது கோப்பு, மூன்று வாரத்து வேலை. ஒரு தரவுத்தள மாற்றம், ஒரு புதிய திரை, போகிற போக்கில் பெயர் மாற்றம் எல்லாம் ஒரே கமிட்டில். திரையில் பிழை என்று திரும்பப் பெற்றால் தரவுத்தள மாற்றமும் கூடவே போகும்.

விஷயம் தெரிந்து தேர்ந்தெடுத்தாலும் ஒவ்வொரு வழியிலும் ஒரு பள்ளம் உண்டு.

ஸ்குவாஷில் பள்ளம், ஒரு கிளையின் மேல் இன்னொரு கிளை கட்டும்போது வரும். ‘கட்டணம்’ என்று ஒரு கிளை. அது ஒப்புதலாகும் வரை சும்மா இருப்பானேன் என்று அதன் மேல் ‘ரசீது’ என்று அடுத்த கிளையைத் தொடங்கிவிட்டீர்கள். கட்டணம் ஸ்குவாஷ் ஆகி உள்ளே போய்விட்டது. ரசீதுக் கிளைக்குள் இன்னும் பழைய கட்டணக் கமிட்டுகள் இருக்கின்றன. புதிய ஒற்றைக் கமிட்டும் இவையும் ஒரே சங்கதி என்று கிட்டுக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையே பெற்றோர் பிள்ளை உறவு இல்லை. இரு கிளைகளும் பிரிந்த இடம் பழைய இடத்திலேயே நிற்கிறது. எனவே நீங்கள் எழுதிய வரிகளோடு நீங்களே மோதிக்கொள்வீர்கள். ரசீதின் சொந்தக் கமிட்டுகளை மட்டும் பெயர்த்துப் புதிய முதன்மைக் கிளையில் நடுவதுதான் வழி. ரீபேஸில் அதற்கு வசதி இருக்கிறது. அடுக்கடுக்காகக் கிளை கட்டி வேலை செய்யும் பழக்கமுள்ள குழு இதைத் தெரிந்துகொண்டுதான் ஸ்குவாஷில் இறங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்குவாஷ் ஆனபின் பழைய கமிட்டுகளும் அவற்றைப் பற்றிய உரையாடலும் புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உங்கள் ரெப்போவுக்குள் இல்லை. சேவை தரும் நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. நாளை வேறு சேவைக்கு மாறினால் கூட வருமா என்று உறுதியில்லை. எனவே எதற்காக இந்த மாற்றம் என்ற விளக்கம் கமிட் செய்திக்குள் வந்துவிட வேண்டும்.

ரீபேஸ் பொத்தானில் பள்ளம் சின்னதுதான், கவனிக்காதவர்கள்தான் அதிகம். கிட்ஹப்பின் ரீபேஸ் எப்போதும் கமிட்டுகளைப் புதிதாக எழுதுகிறது. நீங்கள் உங்கள் சாவியால் கையொப்பமிட்டிருந்தால் அந்தக் கையொப்பம் போய்விடும். தணிக்கைக்குக் கட்டுப்பட்ட வங்கி, மருத்துவத் துறை மென்பொருள்களில் இது பெரிய விஷயம்.

மெர்ஜ் கமிட்டின் பள்ளம்தான் ஆழமானது. ஒரு கிளையை மெர்ஜ் செய்தீர்கள். பிழை தெரிந்தது. அந்த மெர்ஜை ரிவர்ட் செய்தீர்கள். மெர்ஜுக்கு இரண்டு பெற்றோர் என்பதால் எந்தப் பக்கத்தை மூலமாகக் கொள்வது என்று கிட் கேட்கும். முதல் பெற்றோர் என்று சொல்லி ரிவர்ட் செய்தாயிற்று. நல்லது. பிறகு அதே கிளையில் பிழையைத் திருத்தி ஒரு கமிட் சேர்த்து மறுபடி மெர்ஜ் செய்கிறீர்கள். திருத்தம் மட்டும் வந்து நிற்கும். மூல வேலை வராது. ஏனென்றால் அந்தக் கமிட்டுகள் ஏற்கெனவே வரலாற்றில் சேர்ந்துவிட்டன என்று கிட் கணக்கு வைத்திருக்கிறது. ரிவர்ட் கோப்புகளின் உள்ளடக்கத்தைத்தான் திருப்பியது, வரலாற்றைத் திருப்பவில்லை. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, அதன் மேல்தான் மெர்ஜ் செய்ய வேண்டும். இதைப் பற்றிக் கிட்டின் ஆவணங்களில் லினஸும் ஹமானோவும் எழுதிய தனிக் குறிப்பே இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு இந்த வலையில் விழுந்தவர்கள் அதைத் தேடிப்பிடித்துப் படிக்கிறார்கள். வியாழக்கிழமையே படித்துவைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வழிக்கும் பொதுவான ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு எந்தப் பொத்தானும் மருந்தில்லை. வரி கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்று. இதுவரை 0.18 என்று வாங்கியது. ஒருவர் அதை 18 என்று சதவீதமாகவே வாங்கும்படி மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்திவிட்டார். அதே வாரம் இன்னொருவர் வேறொரு கோப்பில் அதே ஃபங்ஷனைப் புதிதாக அழைக்கிறார், 0.18 என்று. இருவரும் தொட்டது வெவ்வேறு கோப்புகள். மோதல் இல்லை. இருவர் கிளையிலும் டெஸ்ட் பச்சை. இரண்டும் சேர்ந்ததும் ஓரிடத்தில் வரி நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கிட் வரிகளை ஒப்பிடுகிறது, அர்த்தத்தை ஒப்பிடுவதில்லை. 2021 நவம்பரில் வந்த கிட் 2.34 முதல் மெர்ஜுக்கான உள் இயந்திரமே மாறியது. பெயர் மாறிய கோப்புகளைக் கண்டுபிடிப்பதில் பெரும் வேகம் வந்தது. அதுவும்கூட இந்தப் பிழையைப் பார்க்காது.

ரஸ்ட் மொழிக் குழு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் 2013இல் போர்ஸ் என்ற பாட் ஒன்றை எழுதினார். அதன் விதி எளிது: உன் கிளையில் டெஸ்ட் தேறியதா என்று கேட்காதே, முதன்மைக் கிளையோடு சேர்த்தால் என்ன வருமோ அதை முதலில் தனியே உருவாக்கி, அதில் டெஸ்ட் ஓட்டு, தேறினால் அதையே முதன்மைக் கிளையாக்கு. இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை என்ற பொருளில் அவரே அந்த விதிக்குப் பெயர் வைத்தார். ஆனால் டெஸ்ட்டுகள் மணிக்கணக்கில் ஓடும் திட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசையில் நின்றால் நாளுக்குச் சில மாற்றங்கள்தான் உள்ளே போகும். எனவே ஆபத்தில்லாத சின்ன மாற்றங்களை மொத்தமாகக் கட்டி ஒரே தடவை சோதிக்கிறார்கள். கிட்ஹப் இந்த யோசனையை மெர்ஜ் வரிசை என்ற பெயரில் 2023இல் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று புல் ரிக்வெஸ்ட் வரும் குழுவுக்கு இது தேவையில்லை. முப்பது வந்தால், பொத்தான் எது என்று விவாதிப்பதை நிறுத்திவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள்.

கிட்-ஃப்ளோ பற்றி ஒரு வார்த்தை. வின்சென்ட் டிரீசன் 2010இல் எழுதிய ஒரே ஒரு கட்டுரை நம் நிறுவனங்களில் சுவரில் ஒட்டிய சட்டமாகிவிட்டது. டெவலப் கிளை, ரிலீஸ் கிளை, ஹாட்பிக்ஸ் கிளை என்று எல்லாம் அங்கிருந்து வந்தவை. 2020இல் அவரே அதன் தொடக்கத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தார்: இடைவிடாமல் வெளியிடும் வலைச்செயலி எழுதுகிறவர்கள் இதைவிட எளிய முறையைக் கைக்கொள்ளலாம் என்று. கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் படித்தார்களோ. ஒரே நேரத்தில் பல பதிப்புகள் வாடிக்கையாளர்களின் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கிளைகளுக்குப் பொருள் உண்டு. சர்வரில் ஓடுவது எப்போதும் ஒரே பதிப்பு என்றால், டெவலப்பிலிருந்து முதன்மைக்கும் முதன்மையிலிருந்து டெவலப்புக்கும் மாறி மாறி மெர்ஜ் செய்துகொண்டிருப்பது வெறும் சடங்கு. கூகுள் நிறுவனத்தின் பெரும்பகுதி நிரல் ஒரே ரெப்போவில், ஒரே முதன்மைக் கிளையில் வளர்கிறது. 2015 ஜனவரி நிலவரப்படி அதன் அளவு 86 டெராபைட் என்று அந்நிறுவனத்தாரே எழுதியிருக்கிறார்கள். நீண்டநாள் கிளைகள் அங்கே அபூர்வம். முடியாத வேலையைக் கிளையில் ஒளித்துவைக்காமல், நிரலுக்குள்ளேயே ஒரு சுவிட்ச் போட்டு அணைத்துவைக்கிறார்கள்.

அப்படியானால் நாம் எப்படித் தேர்வது? கடந்த சில மாதங்களில் உங்கள் திட்டத்தில் வரலாற்றை எதற்காகத் திறந்தீர்கள் என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று பார்க்கவா? பிழை எப்போது நுழைந்தது என்று தேடவா? ஒரு திருத்தத்தைப் பழைய பதிப்புக்கு எடுத்துப்போகவா? அடுத்து, பரிசீலிப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: நீங்கள் கமிட் கமிட்டாகப் படிக்கிறீர்களா, மொத்த வேறுபாட்டைப் படிக்கிறீர்களா? பத்தில் ஒன்பது குழுக்களில் மொத்தமாகத்தான் படிக்கிறோம் என்பார்கள் என்பது என் ஊகம். அப்படியென்றால் ஸ்குவாஷ் வையுங்கள். ஆனால் புல் ரிக்வெஸ்ட்டை ஒரே அமர்வில் படிக்கிற அளவுக்குச் சிறிதாக்குங்கள். கமிட் கமிட்டாகப் படிக்கும் குழு என்றால் அதைக் குலைக்காதீர்கள். ரீபேஸ் செய்து ஒழுங்காக்கிய கிளையை மெர்ஜ் கமிட்டால் கட்டுங்கள். முதல் பெற்றோர் வழியாக மட்டும் வரலாற்றைப் பார்க்கும்படி கேட்டால் கிட் அந்த மெர்ஜுகளை மட்டும் நேர்கோடாகக் காட்டும். 2020இல் வந்த 2.29 பதிப்பிலிருந்து, கேட்டால் பைசெக்ட்டும் அப்படியே நடக்கும். நேர்கோடு வேண்டும் என்றவருக்கும் நடந்தது வேண்டும் என்றவருக்கும் ஒரே ரெப்போவில் இடம் கிடைத்துவிடுகிறது. வெறும் ரீபேஸ் பொத்தானை, ஓரிரண்டு கமிட் மட்டுமே உள்ள கிளைகள் வரும் சிறு திட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முடிவெடுத்த பின் கிட்ஹப் அமைப்புகளில் மற்ற வழிகளை அணைத்துவிடுங்கள். ஆளுக்கொரு வழி என்று விட்டால் எந்த வழியின் பயனும் கிடைக்காது. ஸ்குவாஷ் என்றால், கமிட் செய்தியாகப் புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பும் விளக்கமும் தானாக வரும்படி அமைக்க இடம் இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள். பழைய வரலாற்றைத் திருத்தப் போகாதீர்கள். சிபைத்தானில் மெர்க்யூரியல் காலத்து மெர்ஜுகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. யாருக்கும் அதனால் தொந்தரவில்லை. ஒரு தேதியைக் குறித்து, பங்களிப்போருக்கான கோப்பில் எழுதிவைத்து, அன்றைக்குத் திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளைப் பழைய முறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுக்கிக் கட்டிய கிளைகள் யாரிடமாவது இருந்தால் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மாற்றத்தின் முதல் வாரத்தில் அடிபடப் போகிறவர் அவர்தான்.